மின்சார காரா, ஹைபிரிட் காரா? கரண்ட், தூரம், செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: ராத்திரி அந்தக் கார் எங்கே நிற்கப் போகிறது, அங்கே ப்ளக் உண்டா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் செலவுக் கணக்கும் தூரக் கணக்கும் பாதி முடிந்த மாதிரி. (ஹைபிரிட் என்றால் பெட்ரோல் என்ஜினோடு ஒரு சின்ன பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த கார்.) கீழே உள்ள கணக்கெல்லாம் தமிழ்நாட்டுச் சாலைகளையும், நம் வீட்டு மின் கட்டணத்தையும் வைத்துப் போட்டவை.

கிலோவாட் என்கிறார்கள், கிலோவாட் மணி என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது கிலோவாட். குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் மணி என்பது நம் ஈ.பி. அட்டையில் வரும் ஒரு யூனிட்டேதான். ஆகவே "45 கிலோவாட் மணி பேட்டரி" என்று ஷோரூமில் சொன்னால், அதில் 45 யூனிட் கரண்ட் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "7.2 கிலோவாட் சார்ஜர்" என்றால் ஒரு மணி நேரத்தில் ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றும். மோட்டார் 100 கிலோவாட் என்பது அது தரக்கூடிய அதிகபட்ச சக்தி. ஓவர்டேக் செய்யும் சில நொடிகள் தவிர அந்த அளவை யாரும் தொடுவதில்லை.

உண்மையில் ஒரு கார் ஓட எவ்வளவு கரண்ட் தேவை?

நெக்ஸான், கிரெட்டா போன்ற உயரமான ஒரு கார், உள்ளே நாலு பேர், ஏ.சி. ஓடுகிறது, சமதளச் சாலை என்று வைத்துக்கொள்வோம். காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரே சீராகப் போக ஆறரை கிலோவாட் போதும். 80இல் போனால் 11 கிலோவாட் ஆகும். 100இல் 17. 120இல் 26. வேகம் இரண்டு மடங்கு ஆகும்போது தேவைப்படும் சக்தி நாலு மடங்கு ஆகிவிடுவதைப் பாருங்கள். காற்றைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதுதான் காரணம்.

இதையே 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று மாற்றினால்: 60இல் 11 யூனிட், 80இல் 13.75, 100இல் 17, 120இல் கிட்டத்தட்ட 22. ஆக, அதே 45 யூனிட் பேட்டரி 60இல் போகிறவருக்கு 400 கிலோமீட்டரும், 120இல் பறக்கிறவருக்கு 200ஐ ஒட்டியும் தரும். காரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. பெட்ரோல் காரிலும் இதே இயற்பியல்தான் நடக்கிறது. டேங்க் பெரியது, பங்க் அடிக்கடி வருகிறது, அதனால் நாம் கவனித்ததில்லை, அவ்வளவே.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தரும் கார் 100 கிலோமீட்டருக்கு 70 யூனிட்டைச் செலவு செய்கிறது. அதில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாக வெளியே போய்விடுகிறது. மின்சார காருக்கு அதே தூரத்துக்கு 13 முதல் 17 யூனிட் போதும் என்பதன் ரகசியம் இதுதான்.

கம்பெனி 489 கிலோமீட்டர் என்கிறது. ஓட்டினால் 340 வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை. சோதனை வேறு, சாலை வேறு. இந்தியாவில் தூரத்தை எம்.ஐ.டி.சி. என்ற முறையில் அளக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி, பெரும்பாலும் மெதுவான வேகத்தில், ஏ.சி. போடாமல் ஓட்டும் முறை அது. டாடா நெக்ஸானின் 45 யூனிட் மாடலுக்கு அப்படி வந்த எண்தான் 489. அதே டாடா நிறுவனம், சி75 என்ற பெயரில் "நான்கில் மூன்று பேருக்குக் கிடைக்கக்கூடிய தூரம்" என்று 350 முதல் 370 வரை தானே சொல்கிறது. அந்த எண்ணை நம்பலாம்.

விளம்பர எண்ணை 0.7ஆல் பெருக்குங்கள். கலவையாக ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது அதை ஒட்டித்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் 100க்குக் குறையாமல் போகிறவர் 0.55 என்று போட்டுக்கொள்வது நல்லது.

சென்னை வெயிலில் ஏ.சி. போட்டால் தூரம் பாதியாகிவிடுமா?

நெடுஞ்சாலையில் அவ்வளவு பாதிப்பு இல்லை. ஏ.சி. எடுப்பது ஒன்று முதல் ஒன்றரை கிலோவாட். 80இல் போகும்போது அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மாலை ஆறு மணிக்கு கத்திப்பாராவில் நின்று நின்று, சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் ஏ.சி. மட்டுமே 100 கிலோமீட்டருக்கு 7 யூனிட் தின்னும். ஏனென்றால் அது மணிக்கணக்கில் ஓடுகிறது, கிலோமீட்டர் கணக்கில் அல்ல. வெயிலில் நின்ற கார் என்றால் கண்ணாடியை இறக்கி இரண்டு நிமிடம் சூடு போகவிட்டு, அப்புறம் ஏ.சி. போடுங்கள். இன்னும் நல்லது, ப்ளக்கில் இருக்கும்போதே மொபைல் செயலியில் ஏ.சி. போட்டுவிடுவது. குளிர்விக்கும் கரண்ட் சுவரிலிருந்து போகும், பேட்டரியிலிருந்து போகாது.

ஊட்டி, கொடைக்கானல் ஏறுமா?

ஏறும். பெட்ரோல் காரைவிட அழகாக ஏறும். கியர் மாற்றும் தொல்லை கிடையாது, கொண்டைஊசி வளைவில் இழுவை குறையாது. ஆனால் கணக்குத் தெரிந்து ஏற வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர், 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்கவே 9 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 10. சாலையில் உருளத் தேவைப்படும் 5 யூனிட் தனி. மொத்தம் 15. அதாவது, கீழே 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப் போதுமான கரண்ட் இந்த 50 கிலோமீட்டரில் போய்விடும். மேட்டுப்பாளையத்தில் 40 சதவீதம் காட்டுகிறதே, 70 கிலோமீட்டர் வரும் என்கிறதே என்று சின்ன பேட்டரி காரில் ஏறிவிடாதீர்கள். 24 யூனிட் பேட்டரியில் 40 சதவீதம் என்பது பத்து யூனிட்கூட இல்லை.

இறங்கும்போது கதை தலைகீழ். மோட்டார் டைனமோவாக வேலை செய்து நாலு யூனிட் அளவுக்கு பேட்டரிக்குத் திருப்பித் தரும். 50 கிலோமீட்டர் வந்த பிறகு பேட்டரி ஏறியிருப்பதைப் பார்ப்பது உண்மையிலேயே மகிழ்ச்சியான விஷயம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஊட்டி ஓட்டலில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் கரண்டுக்கு இடம் இருக்காது, மோட்டார் பிடிக்காது, எல்லா பாரமும் பிரேக் பேட் மேல் விழும். 85இல் நிறுத்திக்கொள்வது பத்திரம்.

ஹைபிரிட் காரும் இறக்கத்தில் சார்ஜ் ஆகும். ஆனால் அதன் பேட்டரி ஒரு யூனிட்டை ஒட்டித்தான் பிடிக்கும். முதல் சில கிலோமீட்டரிலேயே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு என்ஜின் பிரேக்கில்தான் இறங்க வேண்டும்.

வீட்டில் சார்ஜ் போட என்ன வேண்டும்?

கிரைண்டரோ ஏ.சி.யோ மாட்டும் 15 ஆம்பியர் ப்ளக் பாயின்ட் இருந்தாலே தொடங்கிவிடலாம். காரோடு வரும் சிறிய சார்ஜர் அதிலிருந்து இரண்டரை முதல் மூன்று கிலோவாட் வரை எடுக்கும். 45 யூனிட் பேட்டரி முழுக்கக் காலியாக இருந்தால் 15 மணி நேரம் ஆகும். ஆனால் யாரும் தினமும் காலியாக்குவதில்லை. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் போதும். ராத்திரி பத்துக்குப் போட்டால் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும்.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் எடுக்கும். இதற்குத் தனி வயர், கரண்ட் அளவு மீறினால் தானே விழும் தனி எம்.சி.பி., கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் எல்லாம் வேண்டும். பல வீடுகளில் அனுமதிக்கப்பட்ட லோடு இதைத் தாங்காது. சிங்கிள் பேஸ் இணைப்பில் இதை மாட்டி, மேலே இரண்டு ஏ.சி.யும் ஹீட்டரும் ஓடினால் மெயின் விழும். த்ரீ பேஸுக்கு மாற்றுவதும் லோடு கூட்டுவதும் ஈ.பி. அலுவலகத்தில் விண்ணப்பித்துச் செய்யக்கூடியவைதான். கார் டெலிவரிக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

எர்த் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் எர்த் இருக்காது. வீட்டு ஃப்ரிட்ஜ் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். கார் சார்ஜர் கண்டுபிடித்துவிடும், சிவப்பு விளக்கு காட்டி சார்ஜ் ஏற்ற மறுக்கும். சொந்த ஊருக்குப் போய் "சார்ஜர் கெட்டுப்போச்சு" என்று பயப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் இதுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாக ஒரு எர்த் குழி போடுங்கள். எர்த்தை ஏமாற்றும் அடாப்டர் என்று ஒன்று விற்கிறது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். உயிரோடு விளையாடும் பொருள் அது.

ஈ.பி. பில் எவ்வளவு ஏறும்?

இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் தப்பாகப் போடப்படுகின்றன. "யூனிட் அஞ்சு ரூபாய், 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட், கிலோமீட்டருக்கு 75 பைசா" என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. கார் சேர்க்கும் யூனிட் எல்லாம் மேல் படியில்தான் போய் உட்காரும்.

2024 ஜூலையில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 401 முதல் 500 யூனிட் வரை 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1,000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் என்றால் இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று வைத்தால், 300 யூனிட் கூடும்.

இப்போது 400 யூனிட் எடுக்கும் வீடு 700க்குப் போகும். கூடுதல் பில் 2,465 ரூபாய். 500ஐத் தாண்டியதால் கீழ்ப்படியில் கிடைத்த மானியத்தில் கொஞ்சம் போகும், அதையும் சேர்த்தால் 2,700 அளவில் வரும். கிலோமீட்டருக்கு 1.35 ரூபாய். ஏற்கெனவே 700 எடுக்கும் வீடு 1,000 ஆனால் 3,105 கூடும், கிலோமீட்டருக்கு 1.55. இரண்டு ஏ.சி. ஓடி ஏற்கெனவே 1,000ஐத் தாண்டிய வீடு என்றால் 3,540, கிலோமீட்டருக்கு 1.77.

பெட்ரோலோடு ஒப்பிட்டால் இதுவும் மிகக் குறைவுதான். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 13 என்றால் கிலோமீட்டருக்கு 7.70. ஹைபிரிட் லிட்டருக்கு 20 தந்தால் 5 ரூபாய். ஆனாலும் 75 பைசா என்று நினைத்து வாங்கியவர் முதல் பில்லைப் பார்த்ததும் மனம் உடைவார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த வருத்தம் வராது.

அபார்ட்மென்டில் இருக்கிறேன். என்ன செய்வது?

உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்குத் தனி கேபிள் இழுப்பதுதான் சுத்தமான வழி. பில் உங்கள் கணக்கில் வரும், சங்கத்தில் யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது. சொந்த வீட்டு இணைப்பிலிருந்து சொந்தக் காருக்கு சார்ஜ் போடுவதை மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல்களே அனுமதிக்கின்றன. சங்கம் பயப்படுவது தீ விபத்தை நினைத்துத்தான். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டிருப்பதைக் காட்டி, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கையில் வரும் முன் காருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தெருவில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இன்றைய நிலையில் மின்சார காரை நான் சொல்லமாட்டேன். ஹைபிரிட் அவர்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது.

வெளியூர்ப் பயணம்? சென்னையிலிருந்து மதுரைக்குப் போக முடியுமா?

தாராளமாக. சென்னை-மதுரை 460 கிலோமீட்டர். 45 யூனிட் பேட்டரி, 100 கிலோமீட்டர் வேகம் என்றால் முழு சார்ஜில் 260. அடியில் 15 சதவீதத்தைக் கைவைக்காமல் விட்டால் 220. ஆக, உளுந்தூர்ப்பேட்டை பக்கம் முதல் நிறுத்தம், திருச்சியை ஒட்டி இன்னொன்று. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் அளவில் ஆகும். காலை டிபனையும் காபியையும் அங்கே வைத்துக்கொண்டால் நேரம் வீணானதாகத் தோன்றாது. 79 யூனிட் பேட்டரியுள்ள மஹிந்திரா பி.இ. 6 போன்ற கார் என்றால் ஒரு நிறுத்தம் போதும்.

வழியில் பார்ப்பவை சி.சி.எஸ். 2 என்ற ப்ளக் வகையில் வரும் டி.சி. சார்ஜர்கள், அதாவது ஃபாஸ்ட் சார்ஜர்கள். 30 கிலோவாட்டும் உண்டு, 60, 120, அதற்கு மேலும் உண்டு. 120 கிலோவாட் என்று பலகையில் போட்டிருந்தாலும் உங்கள் கார் வாங்கும் அளவுக்குத்தான் அது தரும். இரண்டு கார் நின்றால் பல இடங்களில் அதுவும் பிரியும். 80 சதவீதத்துக்கு மேல் ஏறும் வேகம் சட்டென்று குறைந்துவிடும், கடைசி 20க்காகக் காத்திருப்பது வீண். எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அடுத்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

செலவு? யூனிட் 20 ரூபாயை ஒட்டி, சில இடங்களில் 25 வரை. 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் என்றால் கிலோமீட்டருக்கு மூன்றரை முதல் நாலேகால் ரூபாய். ஹைபிரிட்டின் 5 ரூபாயோடு பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் ப்ளக் இல்லாமல், வெளியே ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி மின்சார கார் வாங்குவது லாபமில்லை என்று சொல்வது இதனால்தான். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நாட்களில் சார்ஜருக்கு வரிசை நிற்கும். அந்த நாட்களில் விடியற்காலை கிளம்புங்கள், அல்லது நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் இருக்கும் சார்ஜரைத் தேடுங்கள்.

ஹைபிரிட் காரை ப்ளக்கில் போடுவதே இல்லை. அப்புறம் எப்படி மைலேஜ் கூடுகிறது?

எல்லா ஆற்றலும் பெட்ரோலிலிருந்தேதான் வருகிறது. வீணாவதைக் குறைப்பதில்தான் வித்தை. பெட்ரோல் என்ஜின் மெதுவாக இழுக்கும்போது மோசமாகவும், ஓரளவு பாரத்தோடு ஓடும்போது நன்றாகவும் எரிபொருளைப் பயன்படுத்தும். ஹைபிரிட் காரில் மோசமான நேரத்தில் என்ஜினை அணைத்துவிட்டு மோட்டார் இழுக்கும். என்ஜின் ஓடும்போது கூடுதல் சக்தி பேட்டரிக்குப் போகும். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் ஆற்றலும் அதே பேட்டரிக்கு வரும்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் இருக்கும் ஹைபிரிட் பேட்டரி வெறும் 0.76 யூனிட். தனியாக அதில் ஓட்டினால் சில கிலோமீட்டர்தான். ஆனாலும் சோதனையில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் வந்திருக்கிறது. சாலையில் 18 முதல் 22 எதிர்பார்க்கலாம். ஒரு விசித்திரம் பாருங்கள்: சாதாரண கார் நெரிசலில் மைலேஜ் இழக்கும், ஹைபிரிட் நெரிசலில்தான் ஜொலிக்கும். மதுரவாயல், அண்ணா சாலை என்று தினமும் நின்று நின்று போகிறவருக்கு நல்ல பலன். நெடுஞ்சாலையில் 110இல் போகிறவருக்கு அதன் பலன் சுருங்கிவிடும், ஏனென்றால் அங்கே என்ஜின் ஓயாமல் ஓடுகிறது.

"ஸ்மார்ட் ஹைபிரிட்", "மைல்டு ஹைபிரிட்" என்ற ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவை சிக்னலில் என்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யும், கொஞ்சம் தள்ளிவிடும், தனியாகக் காரை ஓட்டாது. "ஸ்ட்ராங் ஹைபிரிட்டா?" என்று கேளுங்கள். ப்ளக்கில் போடக்கூடிய ஹைபிரிட்கள் வெளிநாடுகளில் பரவலாக உண்டு. இங்கே வரியின் காரணமாக நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் இல்லை.

விலை வித்தியாசம் எப்போது திரும்பி வரும்?

முதலில் வரி. மின்சார காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. மாறியபோதும் அது அப்படியே நின்றது. பெட்ரோல் காரிலும் பெட்ரோல் ஹைபிரிட்டிலும் 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் உட்பட்டவை 18 சதவீதம், பெரியவை 40. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி ஹைபிரிட் எல்லாம் 40இல் வருகின்றன. லிட்டருக்கு இருபது தரும் காருக்கும் பத்து தரும் காருக்கும் ஒரே வரி போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

சாலை வரி இன்னும் பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையான காருக்கு 18 சதவீதம். 15 லட்சம் ரூபாய் காருக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். மின்சார கார்களுக்கு மாநில அரசு தந்துவரும் விலக்கு காலக்கெடு வைத்து அரசாணையாக வருவது. உங்கள் கார் பதிவாகும் நாளில் அது நடப்பில் உண்டா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டே முன்பணம் கட்டுங்கள். இந்த ஒரு பதில் மொத்தக் கணக்கையும் புரட்டிவிடும். வருமான வரியில் மின்சார வாகனக் கடன் வட்டிக்கு இருந்த 80 இ.இ.பி. கழிவு, 2023 மார்ச் 31க்குள் வாங்கிய கடன்களுக்கு மட்டும்தான். இன்னும் சில விற்பனையாளர்கள் அதைச் சொல்லி விற்கிறார்கள், நம்பாதீர்கள்.

இப்போது கணக்கு. ஆன் ரோடு விலையில் பெட்ரோல் காரைவிட மின்சார கார் 3 லட்சம் கூடுதல் என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் மிச்சம். 50,000 கிலோமீட்டரில் அந்தப் பணம் திரும்பும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். மாதம் 400 ஓட்டுகிறவருக்கு பத்து வருஷம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுக்கிற குடும்பம் எரிபொருள் மிச்சத்துக்காக மின்சார கார் வாங்க வேண்டியதில்லை. அவர்களுக்குச் சின்ன பெட்ரோல் காரே சிக்கனம்.

பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டமும் உண்டு. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்சர், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கிலோமீட்டருக்கு 3.50 வாடகை என்று அறிமுகமானது. அதோடு வீட்டுக் கரண்ட் 1.40 சேர்ந்தால் 4.90. ஹைபிரிட்டின் பெட்ரோல் செலவுக்கே வந்துவிட்டோம். அதிகம் ஓட்டுகிறவர் பேட்டரியோடு வாங்குவதே மேல்.

சர்வீஸ் செலவு குறைவு. என்ஜின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் எதுவும் இல்லை, பிரேக் பேட் நீண்ட நாள் வரும். டயர் மட்டும் சீக்கிரம் தேயும், எடையும் இழுவையும் கூடுதல் என்பதால். மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்சார காருக்கு 15 சதவீதமும் ஹைபிரிட்டுக்கு 7.5 சதவீதமும் தள்ளுபடி உண்டு.

பேட்டரி எத்தனை வருஷம் வரும்? நம் ஊர் வெயில் தாங்குமா?

பெரும்பாலான கார்களுக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. சில மாடல்களுக்கு முதல் உரிமையாளர் வரை வாழ்நாள் உத்தரவாதம் என்று வந்துவிட்டது. வெயிலைவிட ஆபத்து, வெயிலில் 100 சதவீதத்தோடு நாட்கணக்கில் நிற்பது. ஊருக்குப் போகிறீர்கள், கார் பத்து நாள் நிற்கும் என்றால் 50 சதவீதத்தில் விட்டுவிட்டுப் போங்கள்.

பேட்டரி எந்த வகை என்று கேட்டு வையுங்கள். டாடா, மஹிந்திரா கார்களில் பரவலாக இருப்பது எல்.எஃப்.பி., அதாவது இரும்பு பாஸ்பேட் வகை. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், அதிக முறை சார்ஜ் ஏற்றலாம். இதன் மின்னழுத்தம் நடுவில் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால், எத்தனை சதவீதம் மிச்சம் என்று காருக்கே சரியாகத் தெரியாமல் போகும். அவ்வப்போது 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும். நிக்கல் கலந்த என்.எம்.சி. வகை என்றால் தினசரி 80இல் நிறுத்துவது நல்லது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. மின்சார காரிலும் பழைய மாதிரி 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்தால், பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தாலும் கார் கண்ணே திறக்காது. சாதாரண பேட்டரிதான், சில ஆயிரம் ரூபாயில் மாற்றிவிடலாம்.

வெள்ளத்தில் என்ன ஆகும்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை யாரும் மறந்திருக்கமாட்டோம். அடுத்த ஆண்டு அக்டோபர் மழைக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை ஏற்றி நிறுத்தியதற்கு அந்த நினைவுதான் காரணம். கார் பேட்டரிகள் பெரும்பாலும் ஐ.பி. 67 தரத்தில் வருகின்றன. அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே புகாது. மழையில் ஓட்டவும் சார்ஜ் போடவும் பயப்பட வேண்டாம். ஆனால் மணிக்கணக்கில் வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். கீழ்த்தளப் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறினால் முதலில் சார்ஜர் எம்.சி.பி.யை இறக்குங்கள். டோ செய்யும் வண்டியில் சக்கரம் தரையில் படாமல் ஏற்றிப் போகச் சொல்லுங்கள். ஹைபிரிட்டுக்கும் இதேதான், அதிலும் உயர் மின்னழுத்தப் பேட்டரி இருக்கிறது.

கரண்டே நிலக்கரியில்தானே வருகிறது? சுற்றுச்சூழலுக்கு என்ன நன்மை?

நியாயமான கேள்வி. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கரியமில வாயு வெளியாகிறது. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் 11 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. எனவே 13 தரும் பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 18 கிலோவும், 20 தரும் ஹைபிரிட் 11.5 கிலோவும் விடும். கச்சா எண்ணெய் எடுத்துச் சுத்திகரிப்பதில் போவது தனி, மின்கம்பியில் இழப்பாவதும் தனி. ஆக இன்றைய தேதியில் ஹைபிரிட்டும் மின்சார காரும் அருகருகே நிற்கின்றன. ஆனால் ஹைபிரிட் வாங்கிய நாளில் எவ்வளவு விட்டதோ, பத்து வருஷம் கழித்தும் அவ்வளவே விடும். மின்சார கார் அப்படியல்ல. முப்பந்தலில் காற்றாலை கூடக் கூட, கமுதியில் சூரியப் பலகை கூடக் கூட, உங்கள் பழைய காரே சுத்தமாகிக்கொண்டு வரும். தெருவில் புகை இல்லை என்பது முதல் நாளிலிருந்தே கிடைக்கும் பலன். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் குழந்தைகளுக்கு அது பெரிய விஷயம்.

மாடியில் சோலார் போட்டால்?

மின்சார காருக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. 3 கிலோவாட் சோலார் நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் தரும். மாதம் 1,000 கிலோமீட்டர் காருக்குத் தேவை 150 யூனிட்தான், மிச்சம் வீட்டுக்கு. 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பகலில் கார் அலுவலகத்தில் இருக்குமே என்றால், பகலில் தொகுப்புக்குக் கொடுத்ததை ராத்திரி எடுக்கும் நெட் மீட்டர் ஏற்பாடு அதற்குத்தான். மேலே சொன்ன 9.65, 10.70 ரூபாய்ப் படிகளே உங்கள் பில்லில் வராமல் போகும், உண்மையான லாபம் அதில் இருக்கிறது.

பழைய மின்சார கார் விலை மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

வீட்டில் ப்ளக் உண்டு, ஓட்டம் ஊருக்குள்தான் என்றால் வாங்கலாம். 2020-21இல் வந்த 30 யூனிட் நெக்ஸான் போன்றவை இப்போது நல்ல விலைக்கு வருகின்றன. பேட்டரி உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா, எந்தத் தேதி வரை என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் மையத்தில் பேட்டரி நலம் எத்தனை சதவீதம் என்ற அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள், அந்தக் கட்டணத்தை நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை. அப்புறம் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி, 80 கிலோமீட்டர் வேகத்தில் 60 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். 30 யூனிட் பேட்டரியில் செலவானது 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிலை. செலவு 40ஐத் தாண்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.